36 பீப்பாய் வெடிமருந்து!
பாராளுமன்றத்தை தகர்க்க வந்த கய் பாக்ஸ் நள்ளிரவில் பிடிபட்ட நாள்

1605-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி முடிந்து 5-ந் தேதி பிறக்கும் நேரம். லண்டன் பாராளுமன்றத்தில் பிரபுக்கள் சபைக்கு நேர் கீழே உள்ள கிடங்கு. அங்கே கையில் லாந்தருடன் ஒரு ஆசாமி. அதிகாரிகள் பாய்ந்து அமுக்கினார்கள். சட்டைப் பையைச் சோதனை போட்டால் ஒரு கடியாரமும், தீ வைக்கிற திரியும்!

விறகுக் குவியலைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு தூக்கிவாரிப் போட்டது. உள்ளே 36 பீப்பாய் வெடிமருந்து. பொழுது விடிந்தால் ராஜா ஜேம்ஸ் வந்து சபையைத் துவக்கி வைப்பதாக இருந்தது. ராஜா, மந்திரிகள், பிரபுக்கள் எல்லோரும் கூண்டோடு கைலாசம் போயிருப்பார்கள்.

பிடிபட்டவன் தன் பெயர் ஜான் ஜான்சன் என்றான். வேலைக்காரன் என்றான். இரண்டும் டூப்.

யார் இவன்?

உண்மைப் பெயர் கய் பாக்ஸ். 1570-ல் யார்க் நகரில் பிறந்தவன். எட்டு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டவர் கத்தோலிக்கர். பையனும் பிறகு அந்த மதத்துக்கே மாறினான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கராக இருப்பது சாமானியமல்ல. அரசாங்க சர்ச்சுக்குப் போகாவிட்டால் அபராதம். பாதிரியாரை வீட்டில் ஒளித்து வைத்தால் உயிருக்கே உலை. 1603-ல் பட்டத்துக்கு வந்த ஜேம்ஸ் ராஜா கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

கய் பாக்ஸ் அதற்கு முன்பே கடல் தாண்டிப் போய் ஸ்பெயின் படையில் சேர்ந்து சண்டை போட்டவன். வெடிமருந்தைக் கையாளத் தெரிந்தவன். அதனால்தான் ராபர்ட் கேட்ஸ்பி கோஷ்டி அவனைக் கூப்பிட்டது. திட்டம் போட்ட தலைவன் இந்த கேட்ஸ்பிதான். கிடங்கை வாடகைக்கு எடுத்தவன் தாமஸ் பெர்சி. ஆனால் இன்றைக்கும் ஊர் திட்டுவது கய் பாக்சை! மாட்டியவன் தலையில்தானே எல்லாம் விடியும்.

மொட்டைக் கடிதம்

குட்டு உடைந்தது மொட்டைக் கடிதத்தால். அக்டோபர் 26-ந் தேதி இரவு மாண்ட்டீகிள் பிரபுவுக்கு ஒரு கடிதம் வந்தது. பாராளுமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை. அவர் அதை நேரே மந்திரியிடம் கொடுத்துவிட்டார். எழுதியது அவர் மச்சான் டிரஷாம் என்று சந்தேகம். அவனும் சதிக் கூட்டத்தில் ஒருவன். கடைசிவரை ருசுவாகவில்லை.

கடிதம் வந்த விஷயம் சதிகாரர்களுக்கும் தெரிந்து போனது. அப்படியும் ஓடாமல் கிடங்கிலேயே காவல் இருந்தான் கய் பாக்ஸ். துணிச்சலா, முட்டாள்தனமா? இரண்டும்தான்.

லண்டன் டவர் சிறையில் சித்திரவதை நடந்தது. ராஜாவே எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார். முதலில் லேசாக ஆரம்பித்து படிப்படியாகக் கூட்டச் சொல்லி உத்தரவு! சில நாள் தாங்கினான். பிறகு கூட்டாளிகள் பெயரைக் கக்கிவிட்டான். அந்த வாக்குமூலத்தில் போட்ட கையெழுத்து இன்றும் இருக்கிறது. கோழி கிறுக்கியது மாதிரி. கை அந்தக் கதிக்கு ஆளாகியிருந்தது.

கேட்ஸ்பியும் பெர்சியும் நவம்பர் 8-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அகப்பட்ட எட்டுப் பேர் மீது 1606 ஜனவரி 27-ந் தேதி விசாரணை. தூக்கில் போட்டு, உயிர் போகும் முன் இறக்கி, குடலை உருவி, உடலை நாலாக வெட்ட வேண்டும் என்று தண்டனை. ஜனவரி 31-ந் தேதி கடைசியாக ஏறியவன் கய் பாக்ஸ். ஏணியில் ஏறக்கூட தெம்பில்லை. ஆனால் கயிற்றிலேயே கழுத்து முறிந்து உயிர் போய்விட்டது. மற்றவர்கள் பட்ட வேதனை அவனுக்கு இல்லை. வயது 35.

கொடும்பாவி

சதி தெரிந்த அன்று ராத்திரியே லண்டன் ஜனங்கள் தெருவில் நெருப்பு மூட்டிக் கொண்டாடினார்கள். மறு வருஷம் சட்டமே வந்தது. ஒவ்வொரு நவம்பர் 5-ந் தேதியும் சர்ச்சில் நன்றி வழிபாடு கட்டாயம். 1859-ல் அந்தச் சட்டம் போய்விட்டது. நெருப்பு மட்டும் அணையவில்லை. நம்ம ஊர் தீபாவளி மாதிரி வாண வேடிக்கை. பழைய துணியில் வைக்கோல் திணித்து 'கய்' கொடும்பாவி செய்து கொளுத்துவார்கள். அதற்கு முன்பு பொடிசுகள் பொம்மையைத் தெருத் தெருவாக இழுத்துப் போய் காசு கேட்பது வழக்கம். இங்கிலீஷில் ஆளைக் குறிக்கும் 'கய்' என்ற சொல்லும் இந்தப் பொம்மையில் இருந்து வந்ததுதான்.

பாராளுமன்றத்தை ராஜா துவக்கி வைக்கும் நாளில் காவல் படையினர் இன்றும் லாந்தரோடு கீழ்த் தளத்தைச் சோதிக்கிறார்கள். வெறும் சம்பிரதாயம். கய் பாக்ஸ் வைத்திருந்ததாகச் சொல்லும் லாந்தர் ஆக்ஸ்போர்டு மியூசியத்தில் இருக்கிறது.

யார்க் நகரில் அவன் படித்த செயிண்ட் பீட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில் மட்டும் நவம்பர் 5-ந் தேதி கொடும்பாவி எரிப்பதில்லை. பழைய மாணவன் ஆயிற்றே!