பலெர்மோவின் கர்தினால்

வேலைக்குப் போகும் வழியில் பலெர்மோ பேராலயத்தைப் பார்க்கிறீர்களே, 1435இல் அதற்குப் பேராயரானவர் நிக்கோலோ தெதெஸ்கி. 1386இல் கத்தானியாவில் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி. திருச்சபைச் சட்டத்தில் பெரும் அறிஞர்.

சுவிசிலுள்ள பாசெல் பொதுச்சங்கத்துக்கு முதலில் பாப்பரசர் நான்காம் யூஜினுக்காகப் போனார். பிறகு அரகோன் அரசர் அல்போன்சுவின் தூதராகிச் சங்கத்தின் பக்கம் பேசினார். சங்கம் தெரிந்துகொண்ட எதிர்ப்பாப்பரசர் ஐந்தாம் பெலிக்ஸ் 1440இல் அவரைக் கர்தினாலாக்கினார். 1443இல் அரசர் யூஜினோடு சமாதானமானதும் ஊர் திரும்பினார். அரசர் முகம் பார்த்து நடந்தவர் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஆனால் விசுவாசக் காரியத்தில், வேத ஆதாரமுள்ள ஒரு சாதாரண விசுவாசியின் சொல் பாப்பரசரின் சொல்லிலும் மேல் என்று எழுதியவரும் இவரே! 1518இல் லூத்தர் அதைத் தமக்கு ஆதாரமாகக் காட்டினார்.

1445இல் கொள்ளைநோயால் இங்கேயே இறந்தார். தாதியான நான் இன்று வார்டில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக் ஊசி அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.