நீரே நிதியெனக் கண்ட வேந்தன்

ஈழநாட்டை ஆண்ட மன்னருள் கோட்டை கட்டிப் பெயர் பெற்றோர் உளர். கோயில் எடுத்துப் புகழ் கொண்டோர் உளர். நீரைத் தேக்கி நிலைபெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவன், 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து அரசு செலுத்திய தாதுசேனன்.

அவன் பிறந்த காலம் கலக்கமான காலம். பாண்டிநாட்டிலிருந்து வந்த பாண்டு முதலிய அறுவர், ஒருவர்பின் ஒருவராக அநுராதபுரத்தை ஆண்டனர். அவர்களைப் பகைவரென்றே பாளி வரலாற்று நூல் பேசும். எனினும் அவருட் சிலர் பௌத்த விகாரைகளுக்கு அறம் செய்த செய்தியைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. பழைய போர்களை இக்காலத்துப் பகைமைக் கண்ணாற் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சிறுவன் தாதுசேனனைத் துறவியான அவன் தாய்மாமன் விகாரையில் மறைத்து வைத்துக் கல்வி பயிற்றினான். பாண்டுவின் ஏவலர் தேடி வந்தபோது இருவரும் இரவோடிரவாக ஓடினர். வழியிலே கோண நதி கரைபுரண்டு பெருகித் தடுத்தது. அந்த நதியே இன்று கலாஓயா எனப்படுவது. ஆறு நம்மைத் தடுத்தது போல, நீ அரசனானபின் இவ்விடத்தே வாவி அமைத்து ஆற்றைத் தடுப்பாயாக என மாமன் பணித்தானாம். கதையோ மெய்யோ, அம்மொழி பின்னர்ச் செயலாயிற்று.

ஆண்டுகள் பல பொருது அரசுரிமை எய்திய தாதுசேனன் 18 ஆண்டுகள் ஆண்டான். அவன் எடுத்த கலாவாவியின் குளக்கட்டு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளமுடையது. அதனினும் வியத்தற்குரியது, அவ்வாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிவரை ஏறக்குறைய 54 மைல் செல்லும் ஜயகங்கை என்னும் கால்வாய். அதன் முதல் 17 மைலில் மைலொன்றுக்கு 6 அங்குலமே சரிவு. கருவி மலிந்த இக்காலத்தும் பொறியியலாளர் தலைவணங்கும் நுட்பம் இது. கால்வாய்க்கு ஒருபுறமே கரை. மறுபுறத்தே மேட்டுநிலம் தானே கரையாகும். மேட்டில் விழும் மழை தடையின்றி வந்து கால்வாயிற் சேரும். பள்ளங்களில் நீர் பரந்து நின்று சிறு குளமாகும். நிலத்தடி ஊற்றும் வளம்பெறும். நீரைக் கொண்டுசெல்வதோடு நில்லாது, வழிநெடுக நிலத்தை வாழ்விப்பது அது.

அவனைக் குறையற்றவனென்று கொள்வதற்கில்லை. கலாவாவிக்கு அணை கோலியபோது, அவ்விடத்தே தியானத்திலிருந்த துறவியொருவரை எழுப்ப இயலாது, மண்ணிட்டு மூடச் செய்தான் என அந்நூலே கூறும். தன் மகளை மணந்த சேனாபதி அவளைச் சவுக்காலடித்தான் என்று சினந்து, அச்சேனாபதியின் தாயை எரிப்பித்தான். அவளோ தன் உடன்பிறந்தவள். அக்கொடுமை அவனையே சூழ்ந்தது. சேனாபதி இளவரசன் காசியப்பனைத் தூண்ட, மகன் தந்தையைச் சிறையிட்டு அரசு கவர்ந்தான். மற்றை மகன் மொகல்லானன் இந்தியாவுக்குத் தப்பினான்.

தந்தை பொருட்குவையை ஒளித்தனன் என்றெண்ணிக் காசியப்பன் வற்புறுத்தினான். முதியவன் தன்னைக் கலாவாவிக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டினான். அங்கே துறவியொருவரைக் கண்டு அளவளாவினான். வாவியில் இறங்கி நீராடி, அந்நீரைப் பருகி, தன் செல்வமெல்லாம் இதுவே என்று சுட்டிக் காட்டினான். அதன்பின் சேனாபதி அவனை விலங்கிட்டுச் சுவரிடை வைத்து மூடுவித்தான். தந்தையைக் கொல்வித்த மகன் அஞ்சிச் சிகிரியாக் குன்றில் அரண் செய்தான்.

இவ்வரலாறு செட்டிகுளத்தார்க்கு அயலார் கதையன்று. ஜயகங்கை கலாஓயாவின் நீரை மல்வத்து ஓயாவின் படுகைக்குக் கொணர்ந்தது. பழைய நூல்களிற் கதம்ப நதியெனப்படும் அவ்வாறே, நம் பக்கத்தில் அருவியாறு எனப் பெயர் பூண்டு, செட்டிகுளப் பகுதியை அடுத்தோடி, தேக்கம் அணையாற் கட்டுக்கரைக் குளத்துக்கு நீரூட்டி, மன்னார்க் கடலிற் கலக்கிறது. அதன் நீளம் 164 கிலோமீற்றர். சிங்கள வேந்தன் திருப்பிய நீர் தமிழ் உழவனின் வயலை நனைத்தது. இனம் கேட்டுப் பாய்ந்ததில்லை.

ஜயகங்கை 19ஆம் நூற்றாண்டிற் புதுப்பிக்கப்பட்டது. 1976 முதல் மகாவலி நீரும் கலாவாவியை அடைகின்றது. எனினும் அதன் பெருமைக்கேற்ற காவல் உண்டா? அநுராதபுரமும் சிகிரியாவும் 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறின. தந்தையைக் கொன்றவனின் குன்று ஏறிற்று. தந்தையின் கால்வாய்க்கு அங்கே தனியிடம் இல்லை. பிரான்சு நாட்டின் 17ஆம் நூற்றாண்டுக் கால்வாயாகிய மிதி, 1996இல் அப்பட்டியலில் இடம்பெற்றதே! அமெரிக்கா 1968இற் சட்டமியற்றி, எழிலும் வரலாறும் வாய்ந்த 8 ஆறுகளை முதற்கண் காப்புக்குரியனவெனச் சாற்றியது. பின்னர் அத்தொகை பெருகிற்று. அச்சட்டம் அணையிடாது ஓடும் ஆற்றுக்குரியது. நமது ஆறோ உழவுக்காகத் தேக்கப்படுவது. ஆகவே அதனை அப்படியே பெயர்த்துக்கொள்ளல் இயலாது. நமக்கு வேண்டுவது, உழவர் உரிமை குன்றாமல் ஆற்றையும் கால்வாயையும் ஒருசேரக் காக்கும் விதி. கரையோர மருதமரங்கள் வெட்டப்படலாகாது, மணல் வரைமுறையின்றி அள்ளப்படலாகாது, ஒருகரைக் கால்வாயை நேராக்கி இருபுறமும் கொங்கிறீற்றுப் பூசுவோமாயின், நீர் விரையும், நிலமோ வறளும்.

வறள்நிலத்துத் தொடர்குளங்களையும் அவற்றை ஒட்டிய ஊர்வாழ்வையும் உலக உணவு விவசாய நிறுவனம் மரபுச் செல்வமாக ஏற்றுள்ளது. உலகம் ஒப்பியதை நாம் ஓம்பாதிருத்தல் முறையன்று. ஆசிரியர்கள் மாணவரை அருவியாற்றங்கரைக்கு அழைத்துச் சென்று இவ்வரசன் கதையைச் சொல்லுக. தந்தை நீரைக் காட்டியபோது மகன் அதனைப் பொருளென்று அறிந்திலன். அவ்வறியாமை நம்மிடமும் வாராதிருப்பதாக.