ஸ்பேஸால் வந்த வினை: யூனிக்ஸ் தந்த டென்னிஸ் ரிச்சியின் கதை

2011 அக்டோபர் 5-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12-ல், நியூஜெர்சியில் தனியாக வசித்துவந்த டென்னிஸ் ரிச்சி வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. பலருக்கு அந்தச் செய்தி எட்டவே இல்லை. இத்தனைக்கும் ஜாப்ஸின் மேக்கும் ஐபோனும் ரிச்சி போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஹார்வர்டில் இயற்பியல் படித்தவர். டாக்டர் பட்ட ஆய்வை எழுதியும் முடித்துவிட்டார். பைண்டு செய்து கொடுக்காததால் பட்டம் கிடைக்கவில்லை! அப்பா வேலை பார்த்த பெல் லேப்ஸில் 1967-ல் சேர்ந்தார். 1969-ல் கென் தாம்சனோடு யூனிக்ஸ், பிறகு சி மொழி. 1973-ல் யூனிக்ஸே சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. அதனால்தான் அது ஒரே கம்ப்யூட்டரோடு நின்றுவிடாமல் பல கம்ப்யூட்டர்களுக்குப் போனது. 1983-ல் இருவருக்கும் டூரிங் விருது.

யூனிக்ஸில் ஃபைல் பெயருக்குக் கெடுபிடி குறைவு. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் கூடாது, அவ்வளவுதான். ஸ்பேஸ் தாராளமாக வரலாம். ஆனால் நாம் கட்டளை தட்டும் ஷெல், ஸ்பேஸைப் பார்த்துத்தான் சொற்களைப் பிரிக்கும். 1979-ல் வந்த போர்ன் ஷெல், வேரியபிளுக்குள் இருக்கும் பெயரையும் அப்படியே உடைக்கும். 'ஜூன் அறிக்கை' என்ற ஃபைலை அழிக்கச் சொன்னால் 'ஜூன்', 'அறிக்கை' என்று இரண்டு ஃபைல்களைத் தேடும். 'ஜூன்' என்று வேறொரு ஃபைல் இருந்தால் அது போச்சு.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2001 நவம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2.0 இன்ஸ்டாலர், பெயரில் ஸ்பேஸ் இருந்த சில டிஸ்க்குகளின் தகவல்களை அழித்துவிட்டது. காரணம், பழைய பதிப்பை நீக்கும் ஸ்கிரிப்டில் மேற்கோள் குறி போடாததுதான். அவசரமாக 2.0.1 வெளியிட்டார்கள்.

தீர்வு சின்னது. வேரியபிளைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். ஸ்கிரிப்டுக்கு வரும் எல்லா ஃபைல் பெயர்களையும் கையாள "$@" என்று, மேற்கோளோடு சேர்த்தே, எழுதுங்கள். மேக்கில் நன்றாக ஓடுதே என்று இதை விட்டுவிடாதீர்கள். 2019 முதல் அங்கே வழக்கமான ஷெல்லான இசட்-ஷெல், வேரியபிளை ஸ்பேஸில் உடைப்பதில்லை. அதே ஸ்கிரிப்டை உபுண்டு சர்வரின் டாஷ் ஷெல்லில் ஓட்டினால் உடைக்கும்.