பொம்மை தைத்த அம்மையார்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில், பிரென்சு ஆற்றங்கரையில், கீங்கன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் கட்டடத் தொழில் புரிந்த பிரீட்ரிக் ஸ்டைஃப் என்பார்க்கு 1847ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. மார்கரெத்தே என்று அதற்குப் பெயரிட்டனர்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தது, ஆனால் கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. வலக்கையும் வலுவிழந்தது. அந்நோய் இளம்பிள்ளைவாதம் என்பது பின்னரே தெரிந்தது. பெற்றோர் மருத்துவரை நாடினர். நோய் தீர்க்கும் வெந்நீர் ஊற்றுக்கும் மகளை அனுப்பினர். பயன் ஒன்றும் விளையவில்லை. தமக்குப் பின் இவளைக் காப்பவர் யார் என்னும் கவலை அவர்களை வாட்டியது. சிறுமியோ, பிற பிள்ளைகள் இழுத்துச் சென்ற கைவண்டியில் அமர்ந்து பள்ளிக்குச் சென்றாள். பின்னர்த் தையற் பள்ளிக்கும் சென்றாள்.

ஊசி பிடிக்கவும் வலக்கை எளிதில் இசையவில்லை. எனினும் பதினேழாம் வயதில் அவள் தையற் பயிற்சியை முடித்தாள். குணமாகும் வழியைத் தேடித் தேடி மனம் அமைதி இழப்பதைக் காட்டிலும், உள்ள உடலைக் கொண்டே வாழ்வது என அவ்வயதிலேயே உறுதி பூண்டாள். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலக்கையால் சுழற்றுதல் வழக்கம். அவளால் அது இயலாது. ஆகவே இயந்திரத்தையே முன்பின்னாகத் திருப்பி வைத்துக்கொண்டு, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தாள். தையல் பழகாதார்க்கு இதன் அருமை விளங்குதல் அரிது!

தந்தையார் வீட்டில் ஒரு தையற்கூடம் அமைத்துக் கொடுத்தார். 1877ஆம் ஆண்டு மார்கரெத்தே ஃபெல்ட் துணியால் ஆடைகள் தைத்து விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். ஃபெல்ட் என்பது தறியில் நெய்யப்படுவதன்று. கம்பளி மயிரை ஈரமும் வெப்பமும் ஊட்டி அழுத்திச் செய்வது. வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. பொம்மைத் தொழிலுக்கு இதனினும் ஏற்ற துணி வேறில்லை எனலாம்.

ஆயினும் பொம்மை செய்வது அவர் எண்ணமே அன்று. ஆடை அலங்கார இதழ் ஒன்றில் சிறிய யானையின் வடிவப்படத்தை அவர் கண்டார். 1880ஆம் ஆண்டில் ஃபெல்ட்டை அதன்படி வெட்டித் தைத்து, உள்ளே ஆட்டு மயிரைத் திணித்து, ஊசி குத்தி வைக்கும் திண்டாக உற்றார்க்குப் பரிசளித்தார். குழந்தைகள் அதனை விடுவார்களா? ஊசிகளைப் பிடுங்கிவிட்டு யானையோடு விளையாடத் தலைப்பட்டனர். பீங்கான் பொம்மை விழுந்தால் உடையும், மரப்பொம்மை உறுத்தும். இந்த யானையோ அணைத்துக்கொண்டு உறங்கத்தக்கதாய் இருந்தது. தம்பி பிரிட்ஸ் அவற்றைச் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்றார். 1886ஆம் ஆண்டிற்குள் 5,000 யானைகளுக்கு மேல் விற்றன. குரங்கு, குதிரை, ஒட்டகம் எனப் பிற விலங்குகளும் தொடர்ந்தன. புதிய பொம்மை ஒவ்வொன்றின் முதற்படியையும் அம்மையார் தம் கையாலேயே தைத்துப் பார்ப்பார்.

தம்பியின் மக்கள் தொழிலில் துணைநின்றனர். அவர்களுள் ரிச்சர்ட் என்பவர் விலங்குக் காட்சிச்சாலையில் கரடிகளைக் கூர்ந்து நோக்கிப் படம் வரைந்தவர். 1902ஆம் ஆண்டில் அவர் 55 செண்டிமீட்டர் அளவுள்ள கரடி ஒன்றை வகுத்தார். ஃபெல்ட்டுக்கு மாறாக, அங்கோரா ஆட்டின் மயிரால் நெய்த பிளஷ் துணி அதன் தோலாயிற்று. கைகால்களை நூலால் பிணைத்து அசையச் செய்தார். இவ்வளவு பெரிய, விலை மிகுந்த பொம்மையை யார் வாங்குவர் என அம்மையார் ஐயுற்றார். எனினும் இளைஞரின் முயற்சியைத் தடுத்தாரிலர். 1903ஆம் ஆண்டு லைப்சிக் நகரப் பொம்மைச் சந்தையில், அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகள் வேண்டுமென்றார். அக்காலத்தில், குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் வேட்டையில் ஒரு கரடியைச் சுட மறுத்த செய்தி அமெரிக்காவெங்கும் பரவியிருந்தது. அவர் பெயரின் சுருக்கமாகிய டெடி என்பதே பொம்மைக் கரடிக்குப் பெயராயிற்று.

பிறர் போலி செய்யத் தொடங்கவே, 1904ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் உலோகப் பொத்தான் ஒன்று பொருத்தப்பட்டது. அதில் முதலில் பொறிக்கப்பட்டது யானை உருவம். 1907ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9,74,000 கரடிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலையில் 400 பேரும், தத்தம் வீடுகளில் இருந்தவாறே தைப்போர் 1,800 பேரும் இத்தொழிலால் ஊதியம் பெற்றனர். யார் காப்பார் என்று பெற்றோர் கவலையுற்ற அம்மகள், 1909ஆம் ஆண்டு மே திங்கள் 9ஆம் நாள், தம் 61ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் கீங்கனிலேயே காலமானார்.