ஷிண்ட்லரின் பட்டியல்: படம் காட்டியது என்ன, நடந்தது என்ன?

ஷிண்ட்லர் பெயர்களைச் சொல்லச் சொல்ல, கணக்காளர் ஸ்டெர்ன் தட்டச்சு செய்துகொண்டே போகிறார். ஸ்பீல்பெர்க்கின் 1993 படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. ஆனா, நிஜத்தில் அது அப்படி நடக்கவில்லை.

யார் இவர்?

ஆஸ்கர் ஷிண்ட்லர் 1908-ல் மொராவியாவில், இன்றைய செக் குடியரசில் பிறந்தவர். குடி, பெண்கள், ஊதாரித்தனம் என்று வாழ்ந்த மனுஷன். ஜெர்மன் உளவுத்துறைக்கு வேலை பார்த்தார். 1939-ல் நாஜி கட்சியிலும் சேர்ந்தார். போலந்து வீழ்ந்ததும் காசு பார்க்கத்தான் கிராக்கோவ் போனார். அங்கே எனாமல் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். சம்பளச் செலவு குறைவு என்பதால்தான் யூதர்களை வேலைக்கு வைத்தார்.

எப்போது மாறினார்?

ஒரே நாளில் இல்லை. 1943 மார்ச்சில் கிராக்கோவ் யூதக் குடியிருப்பை நாஜிகள் ரத்தக்களரியாகக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு, சம்பாதித்த காசையெல்லாம் அதிகாரிகளுக்கு லஞ்சமாகக் கொட்டி, தன் தொழிலாளர்களைக் காப்பாற்றினார்.

பட்டியலை எழுதியது யார்?

1944 இலையுதிர் காலத்தில் தொழிற்சாலை புருன்லிட்ஸுக்கு மாறியது. வரலாற்றாசிரியர் டேவிட் க்ரோவ் 2004-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி, பட்டியல் தயாரானபோது ஷிண்ட்லர் காவலில் இருந்தார். பெயர்களைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் மார்செல் கோல்ட்பெர்க் என்ற யூத எழுத்தருக்குப் பெரிய பங்கு இருந்தது. லஞ்சம் கொடுத்து இடம்பிடித்தவர்களும் உண்டு. படத்தின் ஸ்டெர்னோ, நிஜ மனிதர்கள் சிலரைக் கலந்து உருவாக்கிய பாத்திரம். 1945 ஜனவரியில் ரயில் பெட்டிகளில் உறைந்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டி உயிர்கொடுத்த மனைவி எமிலி, படத்தில் ஓரமாக வந்துபோகிறார்.

அதனால் என்ன?

படத்துக்கு மூலமான தாமஸ் கெனீலியின் புத்தகம், 1982-ல் புக்கர் பரிசு வாங்கியது நாவலாகத்தான். கதைக்கு ஒரே நாயகன் போதும். வரலாற்றுக்கு அது போதாது. கதையில் ஒரு பிழை கிடைத்தாலே, படுகொலையே பொய் என்று சொல்லக் காத்திருக்கிறது ஒரு கூட்டம். அதனால், கற்பனை எது, ஆவணம் எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர்பிழைத்தது கற்பனை அல்ல. போருக்குப் பின் ஷிண்ட்லர் தொட்ட தொழிலெல்லாம் நொடித்தது. கடைசிக் காலத்தில் அவருக்குக் கைகொடுத்ததும் அவர் காப்பாற்றியவர்கள்தான். 1974-ல் இறந்தார். ஜெருசலேமில் அவர் கல்லறை மீது, யூத வழக்கப்படி இன்றும் கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.