மூட்டு நோய்க்கு மருந்து கண்ட மங்கை

நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய்க் கனலும். போர்வை பட்டாலும் உயிர் போகும் வலி. இதுவே கௌட் என்னும் மூட்டு நோய். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படிவதால் இது உண்டாகிறது. அந்த அமிலத்தைக் குறைக்கும் மருந்தை உலகிற்குத் தந்தவர்களுள் ஒருவர் பெண்மணி என்பதை நாம் அறிவோமா? அவரே கெர்ட்ரூட் எலியன் அம்மையார்.

1918-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இவர் பிறந்தார். பதினைந்து வயதில், அன்புத் தாத்தா புற்றுநோயால் துடித்து இறப்பதைக் கண்டார். நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டார். கட்டணமில்லாத ஹண்டர் மகளிர் கல்லூரியில் வேதியியல் பயின்று 1937-இல் பட்டம் பெற்றார்.

ஆயினும் பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் அவரை ஏற்கவில்லை. சில காலம் ஊதியமின்றி உழைத்தார், பள்ளியில் கற்பித்தார், 1941-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே, மணக்கவிருந்தவர் இதய நோயால் மறைந்தார். அம்மையார் பின்னர் மணம் புரியவேயில்லை. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையையும் அவர் தாழ்வாக எண்ணவில்லை.

உலகப் போரின்போது ஆண்கள் போர்முனை சென்றதால் பெண்களுக்கும் வாய்ப்புக் கிட்டியது. 1944-இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஹிட்சிங்ஸ் என்னும் அறிஞருடன் பணியில் சேர்ந்தார். இருவரின் உழைப்பால், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து 1953-இல் வந்தது. உடலிலுள்ள ஒரு நொதி அம்மருந்தை விரைவில் சிதைத்துவிடும். அந்த நொதியைத் தடுக்கவே அலோபியூரினால் என்னும் பொருளை ஆராய்ந்தனர். யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதிதான்! எனவே நோயாளிகளின் உடலில் அவ்வமிலமும் குறைந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. கூர்ந்து நோக்கியவர்கள் அதைக் கைவிடவில்லை. 1966-இல் அலோபியூரினால் கௌட் நோய்க்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

இம்மருந்து வந்த வலியை உடனே நிறுத்துவதன்று. மருத்துவர் சொற்படி நாள்தோறும் உண்டுவர, நாளடைவில் படிகங்கள் கரைந்து நோய் தணியும். பொறுமையே இதன் பலன். அதைக் கண்ட அம்மையாரின் வாழ்வும் அப்படிப்பட்டதே.

மாலை வகுப்புகளில் தொடர்ந்த முனைவர் படிப்பை, முழுநேரமாகப் பயில வேண்டும் என்றபோது, ஆய்வுப் பணிக்காகத் துறந்தார். ஆயினும் 1988-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1999-இல் மறைந்தார். அவர் தந்த மாத்திரை இன்றும் உலகெங்கும் துயர் துடைக்கிறது.

மாணவியரே! இடமில்லை என்று பிறர் சொல்லும் நாளில் மனம் தளர வேண்டாம். கிடைத்த சிறு வேலையையும் செவ்வனே செய்வோம். கண்ணைத் திறந்து வைத்திருப்போம்.