லூயி பாஸ்டர்

நாய் நன்றியுள்ள விலங்கு. வீட்டைக் காக்கும், மந்தையைக் காக்கும், தன்னை வளர்த்தவரைவிட்டுப் பிரியாது. ஆயினும், அதற்கு வெறிநோய் கண்டுவிட்டால், சோறிட்ட கையையே அது கடித்துவிடும். கடியுண்டவர் உடலில் அந்நோய் முற்றி வெளிப்பட்டபின், அவர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. நீரைக் கண்ட அளவிலே நோயாளியின் தொண்டை இழுத்துக் கொள்வதால், நீர்வெறுப்பு நோய் என்றும் இதனைக் கூறுவர். பன்னூறாண்டுகள் மக்களை நடுங்க வைத்த இக்கொடிய நோயைத் தடுக்க வழி கண்டவர் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவார்.

பாஸ்டர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் பிரான்சு நாட்டில் டோல் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் நெப்போலியனின் படையில் பணிபுரிந்து, பின்னர்த் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டவர். அக்குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறிற்று. 1831 ஆம் ஆண்டு அப்பகுதியில் வெறி பிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்தது. கடியுண்டவர்களைக் கொல்லன் உலைக்களத்திற்குக் கொண்டுசென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணைச் சுட்டனர். அந்நாளில் அறிந்திருந்த மருத்துவம் அவ்வளவே. அப்படிச் சுட்டும் சிலர் மாண்டனர். அப்போது பாஸ்டருக்கு வயது எட்டு.

இளமையில் பாஸ்டர் ஓவியம் வரைவதில் வல்லவராக விளங்கினார். எனினும், அவர் உள்ளம் அறிவியலையே நாடிற்று. பாரிசு நகரில் உயர்கல்வி பெற்று, வேதியியலில் தேர்ந்தார். 1854 ஆம் ஆண்டில் லீல் நகரத்துக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். பால் புளிப்பதற்கும், பழச்சாறு நொதித்து மதுவாவதற்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே காரணம் என்று அவர் ஆய்ந்து நிறுவினார். குறிப்பிட்ட அளவு சூடாக்கினால், மதுவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அழியும் என்றும் காட்டினார். பாலைக் காய்ச்சிக் காக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1865 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பட்டுப்புழுக்களை நோய் வாட்டியது. அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி, பாஸ்டர் அத்துறையில் இறங்கினார். அந்த ஆண்டுகளில் துன்பங்கள் அவரை அடுத்தடுத்துத் தாக்கின. அவர்தம் பெண்மக்கள் மூவர் 1859 முதல் 1866 வரையிலான காலத்தில் இறந்தனர். 1868 ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கி, அவரது இடப்பாகம் செயலற்றது. அப்போதும் அவர் தளர்ந்து ஓய்ந்தாரில்லை. படுக்கையில் இருந்தவாறே ஆராய்ச்சிக்கு வேண்டியவற்றைச் சொல்லி எழுதுவித்தார்.

நுண்ணுயிர்கள் நோயையும் விளைவிக்கும் என்பது தெளிந்தபின், அந்நோயைத் தடுப்பது எவ்வாறு என்று பாஸ்டர் சிந்திக்கலானார். கோழிகளைக் கொல்லும் ஒருவகைக் கழிச்சல் நோயின் கிருமிகள், நாட்பட்டால் வலிமை குன்றுவதைக் கண்டார். அவ்வாறு வலிமை குன்றிய கிருமிகளை ஏற்றிய கோழிகள், பின்னர்க் கொடிய கிருமிகளை ஏற்றியபோதும் மாளவில்லை. இவ்வுண்மையை ஆடுமாடுகளைத் தாக்கும் அடைப்பான் நோய்க்கும் பொருத்திப் பார்த்தார். 1881 ஆம் ஆண்டு புயீ-ல-போர் என்னும் சிற்றூரில் பலர் முன்னிலையில் சோதனை நிகழ்ந்தது. 24 ஆடுகளுக்குத் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. வேறு 24 ஆடுகள் அம்மருந்தின்றி விடப்பட்டன. பின்னர் எல்லா ஆடுகளுக்கும் கொடிய கிருமிகள் செலுத்தப்பட்டன. மருந்து பெற்ற ஆடுகள் உயிரோடு நின்றன. மருந்து பெறாதவை மாண்டன. தடுப்பு மருந்து பலித்ததா என்பதை அறிய அந்நாளில் இருந்த வழி இஃதொன்றே. காப்புப் பெற்றதாகக் கருதும் உயிரை நோயின் வாயிலேயே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு முன்னரே, 1880 ஆம் ஆண்டில், வெறிநோய் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. எமீல் ரூ என்னும் இளம் மருத்துவர் அவருக்கு உற்ற துணையாயினார். வெறிநோய்க் கிருமி அந்நாளைய உருப்பெருக்கிக் கண்ணாடியில் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத அப்பகைவன், நரம்பு வழியே சென்று மூளையில் குடிகொள்கிறான் என்பது மட்டும் விளங்கிற்று. ஆகவே, நோயுற்ற முயலின் தண்டுவடத்தை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் உலர்ந்த காற்றில் தொங்கவிட்டனர். நாள் செல்லச் செல்ல அதன் நச்சுத்தன்மை குறைந்தது. இரு வாரங்களில் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. மிகவும் உலர்ந்ததை முதலிலும், உலராததை இறுதியிலும் ஏற்றினால் உடல் சிறுகச் சிறுக வலிமை பெறும் என்று பாஸ்டர் கருதினார். கடித்த இடத்திலிருந்து மூளைக்கு நோய் ஏறப் பல நாள்கள் ஆகும். அதற்குள் காப்பை விளைத்துவிட்டால் கடியுண்டவரும் பிழைப்பர் என்பது அவர் நம்பிக்கை.

1885 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6 ஆம் நாள், அல்சேசு நாட்டிலிருந்து ஒரு தாய் தன் மகனுடன் பாஸ்டரிடம் வந்தாள். சோசப்பு மைசுடர் என்னும் அச்சிறுவனுக்கு வயது ஒன்பது. இரண்டு நாள்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அவனைப் பதினான்கு இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் பெருங்கலக்கம் உற்றார். அவர் மருத்துவர் அல்லர். அவரது முறை நாய்களிடம் சோதிக்கப்பட்டதேயன்றி, கடியுண்ட மனிதர் எவரிடத்தும் முழுமையாகக் கையாண்டு பார்க்கப்படவில்லை. மருந்து ஏற்றினால் மருந்தே சிறுவனைக் கொல்லக்கூடும். ஏற்றாவிட்டால் நோய் கொல்லுதல் பெரும்பாலும் உறுதி. வுல்பியன், கிரான்செ என்னும் மருத்துவர் இருவரும் ஏற்றுதலே தக்கது என்றனர். கிரான்செ ஊசி போட, பாஸ்டர் அருகிருந்து மேற்பார்த்தார். பதினொரு நாள்களுக்குள் 13 முறை ஊசி போடப்பட்டது. கடைசி ஊசியில் இருந்தது மிகக் கொடிய நஞ்சு. சிறுவன் உடலில் காப்பு விளைந்திராவிடில் அதுவே அவன் உயிரைக் குடித்திருக்கும். பாஸ்டர் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தார். சிறுவன் நலமுற்று வீடு திரும்பினான்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சூப்பில் என்னும் பதினைந்து வயது ஆயன் வந்தான். சிறுவர்களைக் காக்கும் பொருட்டு வெறிநாயோடு போராடிக் கடியுண்டவன் அவன். அவனும் பிழைத்தான். ஆனால், லூயிசு பெல்த்தியே என்னும் பத்து வயதுச் சிறுமி, கடியுண்டு 37 நாள்கள் கடந்த பின்னரே கொண்டுவரப்பட்டாள். காலம் கடந்துவிட்டதை அறிந்தும், பெற்றோரின் துயரம் பொறாது பாஸ்டர் மருந்தேற்ற இசைந்தார். அவள் உயிர் துறந்தாள். மருந்து விளைக்கும் காப்புக்கு முன்னரே நோய் உள்ளே நுழைந்திருந்தால் பயனில்லை என்பதை அச்சாவு காட்டியது. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த அறிஞர்கள் மற்றோர் உண்மையையும் கண்டனர். மைசுடருக்குக் கையாண்ட அம்முறையில் நாய்களிடம் தொடங்கிய சோதனைகள், அப்போது முற்றுப்பெற்றிருக்கவில்லை. அவர் ஏற்ற பொறுப்பு உலகம் எண்ணியதினும் பெரிது.

பல நாட்டு மக்களும் பொருள் வழங்க, 1888 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதைப் பின்பற்றிப் பிற நாடுகளிலும் நிலையங்கள் எழுந்தன. நம் நீலகிரி மலைமேல் குன்னூரில் 1907 ஆம் ஆண்டில் தோன்றிய பாஸ்டர் நிலையமும் அவற்றுள் ஒன்று. 1895 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28 ஆம் நாள் பாஸ்டர் இயற்கை எய்தினார். அவர் உடல் பாரிசு நிலையத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் காத்த மைசுடர் பிற்காலத்தில் அந்நிலையத்தின் வாயிற்காவலராகப் பணிபுரிந்தார்.

காப்பு விளைந்ததா என்று அறியப் பாஸ்டர் பட்ட பாடு இன்று இல்லை. நோயை எதிர்க்கும் பொருள்கள் குருதியிலேயே உண்டாகின்றன என்பதை 1890 ஆம் ஆண்டில் பெரிங், கிட்டசாட்டோ என்னும் அறிஞர்கள் வேறு நோய்களின் வழியாக மெய்ப்பித்தனர். தடுப்பூசி போட்ட நாயின் குருதியில் சிறிதளவு எடுத்து, அதன் தெளிநீரை ஆய்வுக்கூடத்தில் வெறிநோய்க் கிருமியுடன் கலக்கின்றனர். அக்கலவை உயிருள்ள செல்களைத் தாக்காவிடில், கிருமியை அடக்கும் எதிர்ப்பொருள் குருதியில் இருப்பது புலனாகும். எந்த நாயையும் நோயின் வாயில் நிறுத்த வேண்டுவதில்லை.

நாய்கள் நாடுவிட்டு நாடு செல்வதற்கு இச்சோதனை பெரிதும் உதவுகின்றது. 20 ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம், வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்த நாய் ஆறு திங்கள் தனிக்காவலில் அடைபட்டுக் கிடந்தது. தடுப்பூசியும் குருதிச் சோதனையும் உடைய நாய்களைப் பல நாடுகளிலிருந்து அக்காவலின்றி ஏற்கும் முறை, அங்கு 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதே ஆண்டில், இச்சோதனை செய்யும் ஆய்வுக்கூடங்களின் தரத்தை ஆராயும் பொறுப்பை ஐரோப்பிய ஒன்றியம் பாஸ்டரின் தாய்நாட்டிலுள்ள நான்சி நகரத்து ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைத்தது. ஒரு மில்லிலிட்டர் தெளிநீரில் குறைந்தது 0.5 பன்னாட்டு அலகு எதிர்ப்பொருள் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெறிநோய் மிகுந்த நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திற்குச் செல்லும் நாய்க்கு, தடுப்பூசி போட்டு 30 நாள்களேனும் கழிந்த பின்னரே குருதி எடுத்தல் வேண்டும்; குருதி எடுத்தபின் மூன்று திங்கள் காத்திருத்தலும் வேண்டும். ஊசிக்கு முன்னரே கடியுண்டிருந்த நாயின் குருதியிலும் எதிர்ப்பொருள் தோன்றக்கூடும் அன்றோ? உள்ளே மறைந்திருக்கும் நோய் வெளிப்படுவதற்கே அக்காத்திருப்பு. சிறுமி லூயிசின் சாவு கற்பித்த பாடமும் இதுவே.

நாயை உடன் அழைத்துச் செல்வோர் சிலர் இவ்விதிகளை வீண் தொல்லை எனக் கருதுவர். பாஸ்டரின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு கருதார். அவர் ஒரு சிறுவனின் உயிரைப் பணயமாக வைத்து, உறங்காது காத்திருந்து அறிந்த விடையை, இன்று சில துளிக் குருதி கூறிவிடுகின்றது. அன்பு ஒன்றே காப்பாகாது. காப்பு உண்டு என்பதை ஆய்ந்து தெளிதலும் அன்பின் கடமையே ஆகும்.